ஜெக்கிலை விட்டு எங்கே போவது: புதுச்சேரி மும்மொழித் தளம் ஒன்றின் கணக்கு

புதுச்சேரி வீதிகளின் வரலாற்றைத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்துவரும் ஒரு சிறு இணையதளத்தை நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம். நீலப் பலகையில் தமிழில் ஒரு பெயரும் பிரெஞ்சில் ஒரு பெயருமாக நிற்கும் வீதிகளுக்கு அந்த இரண்டு பெயர்களும் எப்படி வந்தன என்று சொல்வதே அதன் வேலை. 2013-இல் அதை ஜெக்கிலில் தொடங்கினோம். அதை வேறொரு நிலைத்தள உருவாக்கிக்கு மாற்றுவதா, மாற்றினால் எதற்கு மாற்றுவது என்பதை இரண்டு மாத காலம் சோதித்துப் பார்த்து இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வேகத்தையும் வசதியையும் வைத்து எழுதப்படும் வழக்கமான ஒப்பீடுகளை நம்பி இறங்கியிருந்தால் தவறான இடத்தில் போய் நின்றிருப்போம் என்பதும், தமிழ்த் தளத்துக்குக் கணக்கு வேறு மாதிரி விழுகிறது என்பதும் அந்தச் சோதனையில் தெரிந்ததால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

நிலைத்தள உருவாக்கி செய்வது எளிய வேலைதான். மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு நடையில் எழுதிய உரைக் கோப்புகளையும் வார்ப்புருக்களையும் எடுத்துக்கொண்டு, உலாவி நேரடியாகத் திறக்கக்கூடிய பக்கங்களாக முன்கூட்டியே கட்டித் தந்துவிடும். வழங்கியில் தரவுத்தளமும் இல்லை, ஒவ்வொரு முறையும் ஓடவேண்டிய நிரலும் இல்லை. டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008-இல் ரூபி மொழியில் எழுதிய ஜெக்கில் இந்த வகையில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததற்கு, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் கிளையான கிட்ஹப் பேஜஸ் அதைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு இலவசமாகத் தளங்களைக் கட்டிக்கொடுத்தது முக்கியமான காரணம். எங்களைப் போல் கையில் காசில்லாத குழுக்கள் அதை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

மாற்றத்தைப் பற்றிப் பேச வைத்தது ஒரு மடிக்கணினி. எங்கள் குழுவில் பிரெஞ்சுப் பக்கங்களை எழுதுபவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர். அவருடைய பழைய கணினி போய்ப் புதியது வந்ததும், ஜெக்கிலை அதில் நிறுவிக்கொடுக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைசியாள் வீதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். விண்டோஸில் முதலில் ரூபியை இறக்கவேண்டும். ரூபியின் துணைத் தொகுப்புகளான ஜெம்கள் சிலவற்றுக்குள் சி மொழி நிரல் இருப்பதால் அதைத் தொகுக்கும் கருவித்தொகுப்பையும் உடன் இறக்கவேண்டும். பிறகு அவற்றைச் சேர்த்து நிறுவும் பண்ட்லர், பிறகு ஜெம்கள். எல்லாம் முடிந்து முன்னோட்டத்தைத் திறந்தால் பிழை. ரூபி 3.0 வந்தபோது வெப்ரிக் என்னும் சிறு வழங்கி நிரல் அந்த மொழியுடன் இயல்பாக வருவது நின்றுவிட்டது. நாங்கள் வைத்திருந்த பழைய ஜெக்கில் அதைத் தனியாகக் கேட்டு வாங்காததால் முன்னோட்டம் காட்ட முடியாமல் விழுந்தது. ஜெம் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீரும் சிக்கல்தான். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஆசிரியர் பொறுமையாகக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏம்மா, நான் எழுதுறது ஒரு பக்கம். அதைப் பார்க்கறதுக்கு இத்தனை எறக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "வேற ஏதாவது இருக்கான்னு பார்க்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது காரணம் சத்தமில்லாமல் பல ஆண்டுகளாகக் கூடவே இருந்தது. ஜெக்கில் 4.0 வெளிவந்தது 2019 ஆகஸ்ட்டில். கிட்ஹப் பேஜஸின் பழைய கட்டும் வழியோ 3-ஆம் வரிசையிலேயே நின்றுவிட்டது. அனுமதிக்கப்பட்ட செருகுநிரல்களின் பட்டியலும் குறுகியது. குறிச்சொல் ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் உருவாக்கும் செருகுநிரல்கூட அந்தப் பட்டியலில் இல்லாததால், 'கால்வாய்', 'சந்தை', 'கோயில்' முதலிய குறிச்சொற்களுக்கு நாங்கள் கையாலேயே பக்கம் எழுதிவந்தோம். கிட்ஹப்பின் தானியங்கி வசதியான ஆக்ஷன்ஸ் வழியாகத் தளத்தை நாமே கட்டி அங்கே ஏற்றும் வசதி 2022 முதல் கிடைக்கிறது என்பதால் இது ஜெக்கிலின் குறை என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வழியைப் பிடித்த பிறகு ஜெக்கிலையே வைத்திருக்கவேண்டிய கட்டாயமும் போய்விடுகிறது. எந்த உருவாக்கியையும் அதில் ஓட்டலாம்.

எடுத்துப் பார்த்தவை ஆறு. இறுதிவரை நின்றவை இரண்டு. விழுந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்ட்ரோ, பக்கத்தின் நடுவே இயங்கும் துண்டுகள் வேண்டுபவர்களுக்கு நல்ல கருவி. எங்கள் பக்கங்களில் படமும் உரையும் தவிர வேறெதுவும் அசைவதில்லை. பெலிகன் பைத்தானில் எழுதப்பட்டது. குழுவில் இருவருக்குப் பைத்தான் தெரியும் என்பதால் ஆசையோடுதான் தொடங்கினோம். அதை ஏன் விட்டோம் என்பது முகவரிச் சிக்கலோடு சேர்ந்தது, கீழே வருகிறது. எம்கேடாக்ஸ் கையேடுகளுக்கானது, அதன் இயல்பு அமைப்பில் பக்கத்துக்குள் ஒரு தலைப்புக்கு நேராகத் தாவ உதவும் உள்நங்கூரங்கள் தமிழ்த் தலைப்புகளில் எழுத்தெல்லாம் உதிர்ந்து அடிக்கோடும் எண்ணுமாக மட்டுமே எஞ்சுகின்றன. ரஸ்ட் மொழியில் எழுதிய ஸோலாவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒற்றைக் கோப்பு, வேகம், தெளிவான ஆவணம் எல்லாம் இருக்கின்றன. இயல்பு நிலையில் முகவரிகளை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடும் என்றாலும் அமைப்புக் கோப்பில் சொன்னால் தமிழாகவே விட்டுவிடும். ஹியூகோவைவிட அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு, சிக்கினால் கேட்க ஆள் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கினோம். எஞ்சியவை ஸ்டீவ் ஃபிரான்சியா 2013-இல் கோ மொழியில் தொடங்கிய ஹியூகோவும், ஸாக் லெதர்மேன் 2018-இல் ஜாவாஸ்கிரிப்டில் வெளியிட்ட எலெவன்டியும். இவற்றோடு, ஜெக்கிலிலேயே இருந்துகொண்டு பதிப்பை மட்டும் உயர்த்துவது என்ற மூன்றாவது வழியும் உண்டு.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது பழைய முகவரிகள் உடையாமல் இருப்பது. வீதி நடைகளுக்கு வருபவர்களிடம் பல ஆண்டுகளாகத் துண்டறிக்கை கொடுத்துவருகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு க்யூஆர் கட்டம் இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு முகவரி அச்சாகி உட்கார்ந்திருக்கிறது. தளத்தில் உள்ள இணைப்பைத் திருத்தலாம். ஒருவர் வீட்டுப் புத்தகத்துக்குள் செருகிவைத்த காகிதத்தை யாரும் திருத்த முடியாது. அந்த முகவரிகள் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன. அங்கேதான் வினை தொடங்குகிறது.

'புதுச்சேரி' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் அது பத்துக் குறியீடுகள்: பகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, தகரம் ஒன்று, இன்னோர் உகரக் குறி, சகரம், புள்ளி, மறுபடி சகரம், ஏகாரக் கொம்பு, ரகரம், இகரக் குறி. ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் மூன்று பைட்; முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகிறது. ஆக, அந்த ஒரு சொல் முகவரிக்குள் 90 எழுத்து நீளத்துக்குப் போய்விடுகிறது. க்யூஆர் கட்டம் அடர்த்தியாகிச் சிறிய அச்சில் கைப்பேசிக்குப் பிடிபடாமல் போவதற்கு இதுவே காரணம் என்று முதல் துண்டறிக்கை அச்சாகி வந்த பிறகே எனக்கு உறைத்தது. கோப்புப் பெயரிலும் இதே கதைதான். லினக்ஸில் வழக்கமாக ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் உச்சவரம்பு. தேதி முன்னொட்டையும் பின்னொட்டையும் கழித்தால் சுமார் 80 தமிழ்க் குறியீடுகள் மிஞ்சும். விண்டோஸ் பைட்டுகளை எண்ணாமல் வேறு அலகில் எண்ணுவதால், அங்கே நிம்மதியாகச் சேமித்த நீண்ட தலைப்புள்ள கோப்பு, மேகத்தில் இருக்கும் லினக்ஸ் கணினிக்குப் போனதும் பெயர் நீளம் என்று மறுக்கப்படும். உருவாக்கியை மாற்றினாலும் இந்த வரம்பு மாறாது. மாற்றும் நேரத்தில் நீண்ட பெயர்களைத் தேடிப் பிடித்துவிடுவது நல்லது.

புள்ளியின் கதை இதைவிடக் கொடிது. ஒருங்குறிப் பட்டியலில் 'க' ஓர் எழுத்து. 'கா'வில் வரும் துணைக்கால் எழுத்தன்று, இடம்பிடிக்கும் குறி. மெய்யின் மேலிருக்கும் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம்பிடிக்காத குறிகள். எழுத்தும் எண்ணும் தவிர மற்றவற்றைத் துடைத்துவிடு என்று எழுதப்பட்ட எந்த நிரலும், எழுதியவர் தமிழை நினைத்திராவிட்டால், இந்தக் குறிகளைக் குப்பையோடு சேர்த்துத் துடைத்துவிடும். எழுத்து வடிவங்களைத் தேடிப் பொருத்தும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பைத்தானில் இயல்பாக இயங்கும்போது 'சொல்லுக்குரிய எழுத்து' என்ற வகைக்குள் இந்தக் குறிகள் வருவதில்லை. அதன் வழியே 'புதுச்சேரி'யைச் செலுத்தினால் 'பதசசர' என்று வெளியே வரும். பெலிகன் இயல்பு நிலையில் முகவரியை ஆங்கில எழுத்துக்கு மாற்றுகிறது. அதை மாற்றாதே என்று சொன்னால் இந்தப் பள்ளத்தில் விழுகிறது. விதிகளைத் திருத்தி எழுதிச் சரிசெய்யலாம். ஆனால் நாங்கள் இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் அமைப்புக் கோப்பைப் புதிதாக எழுதும்போது அந்தத் திருத்தம் எதற்கு இருக்கிறது என்று தெரியாமல் எடுத்துவிடுவார். அந்த அச்சத்தால்தான் பெலிகனை விட்டோம்.

இன்றைய ஜெக்கில் எழுத்து, குறி, எண் மூன்றையும் முகவரியில் விட்டுவைக்கிறது. ஹியூகோவும் இயல்பு நிலையில் அப்படியே. எலெவன்டி கோப்பின் பெயரைத் தொடாமல் எடுத்துக்கொள்வதால் பக்கங்களுக்குத் தொல்லையில்லை. குறிச்சொல் பக்கங்களுக்காக அதனுடன் வரும், பெயரை முகவரிக்கு ஏற்றதாக மாற்றும் சிலகிஃபை வடிப்பியைப் பயன்படுத்தினால் மட்டும் தமிழ் எழுத்துகள் முகவரியில் தங்காது, அதற்கு நாமே ஒரு வடிப்பி எழுதவேண்டும். ஆனால் ஹியூகோவில் எங்களுக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பிரெஞ்சுப் பக்கங்களின் முகவரியில் எழுத்தின் மேல் வரும் அழுத்தக் குறிகள் வேண்டாம் என்று ஆசிரியர் விரும்பினார். முகவரியிலிருந்து அழுத்தக் குறிகளை நீக்கு என்று ஓர் அமைப்பு ஹியூகோவில் இருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும். நான் அதைத் தளம் முழுமைக்கும் இயக்கிவிட்டேன். பிரெஞ்சு முகவரிகள் அழகாக மாறின. தமிழில் குபேர் அங்காடி மீன்கடைகளைப் பற்றிய பக்கத்தைத் தேடினால் காணவில்லை. அந்த அமைப்பு உண்மையில் நீக்குவது இடம்பிடிக்காத குறிகளை. பிரெஞ்சுக்கு அது அழுத்தக் குறி, தமிழுக்கு அது புள்ளியும் ஈகாரமும். 'மீன்' என்பது 'மன' ஆகியிருந்தது, 'அங்காடி' 'அஙகாடி' ஆகியிருந்தது. இரண்டு மொழிப் பெயரும் ஒரே பலகையில் நிற்கும் ஊரில், ஒரு மொழிக்குச் செய்த ஒப்பனை இன்னொரு மொழியின் கழுத்தில் விழுந்தது. அமைப்பை அணைத்துவிட்டுப் பிரெஞ்சுக் கோப்புகளுக்கு மட்டும் முகவரியைக் கையால் எழுதினோம்.

இதனோடு சேர்ந்த சிறு பொறி ஒன்று: 'பொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் ஆகிய இரண்டாகவும் எழுதலாம். ஒருங்குறி இரண்டையும் சமமென்றே கொள்கிறது. முகவரியைப் பைட் பைட்டாக ஒப்பிடும் வழங்கி அப்படிக் கொள்வதில்லை. மேக் கணினிகளில் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்துவந்தது. அந்தக் காலத்தில் மேக்கிலிருந்து வந்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், மாற்றும் முன் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்த உரசல் மார்க்டவுனில். மார்க்டவுனைப் பக்கமாக்க ஜெக்கில் பயன்படுத்தும் க்ராம்டவுன் தனக்கென்று விதிகள் வைத்திருக்கிறது. ஹியூகோவின் கோல்ட்மார்க்கும் எலெவன்டியின் மார்க்டவுன்-இட்டும் காமன்மார்க் என்னும் பொது விதியைப் பின்பற்றுகின்றன. பொது விதி நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். அந்த விதிப்படி, தடித்த எழுத்தை மூடும் இரட்டை நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்து, பின்னால் இடைவெளியின்றி எழுத்து தொடர்ந்தால், அது மூடும் குறியாகவே கொள்ளப்படாது. ஆங்கிலத்தில் இப்படி வருவது அரிது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வருகிறதே! 'அரிக்கமேடு'இல் என்று மேற்கோள் குறியோடு தடித்தெழுதி உருபைச் சேர்த்தால், க்ராம்டவுன் அதைத் தடித்துக் காட்டும். காமன்மார்க் வழி நடப்பவை நட்சத்திரங்களை அப்படியே பக்கத்தில் கொட்டிவிடும். எங்கள் பழைய கட்டுரைகளில் இது நூற்றுக்கணக்கில் இருந்தது, ஏனென்றால் வீதிப் பெயர்களை மேற்கோளிட்டுத் தடித்தெழுதுவது தொடக்கத்திலிருந்தே எங்கள் நடை. மேற்கோள் குறிகளை நட்சத்திரங்களுக்கு வெளியே எடுத்துவிட்டால் ஒரு பக்கம் தீர்ந்தது என்று நினைத்து ஒரு தேடி-மாற்றும் கட்டளை எழுதினேன். குறி வெளியே வந்தபின் மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் இருப்பது எழுத்து, நிறுத்தக்குறி அன்று என்பதால் விதி இடம்கொடுக்கிறது, அனைத்தும் சரியாகின.

கச்சா எச்டிஎம்எல் இன்னொரு வேறுபாடு. எங்கள் பழைய பதிவுகளில் படத்தையும் அடிக்குறிப்பையும் சேர்த்துக் காட்ட எச்டிஎம்எல் வரிகளை நேரடியாக எழுதியிருந்தோம். ஹியூகோவில் அவை இயல்பாக வெட்டப்படும். வெட்டப்பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குறிப்பு ஒன்று மட்டும் நிற்கும். பக்கம் பிழையின்றிக் கட்டப்பட்டுவிடும், படங்கள் மட்டும் இருக்காது. 'பாதுகாப்பற்றது' என்று பெயர் வைத்திருக்கும் அமைப்பை இயக்கினால் அனுமதிக்கும். எழுதுபவர்கள் அனைவரும் தெரிந்தவர்களாக இருக்கும் தளத்தில் அந்தப் பெயரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. எலெவன்டியில் இந்தத் தொல்லை இல்லை; மாறாக, அடிக்குறிப்பு வேண்டுமென்றால் செருகுநிரல் சேர்க்கவேண்டும், ஹியூகோவில் அது உடன் வருகிறது.

வார்ப்புருக்களைப் பொறுத்தவரை எலெவன்டிக்குத்தான் மதிப்பெண். ஜெக்கிலின் லிக்விட் வார்ப்புருக்களை அது பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. துணைக்கோப்பைச் செருகும் வரிகளில் கோப்புப் பெயருக்கு மேற்கோள் குறி இடுவது, தளத்தின் பொதுத் தகவல்களைத் தரவுக் கோப்புறைக்கு மாற்றுவது போன்ற திருத்தங்கள் போதும். ஒரு சனி, ஞாயிறில் எங்கள் தளம் எலெவன்டியில் நின்றுவிட்டது. தேதி முன்னொட்டுள்ள கோப்புப் பெயர்களையும் அது புரிந்துகொள்கிறது. ஹியூகோவில் வார்ப்புருக்கள் அனைத்தையும் கோ மொழியின் நடைக்கு மாற்றி எழுதவேண்டும். நிபந்தனையில் ஒப்பிடும் கட்டளை முன்னாலும் ஒப்பிடப்படுபவை பின்னாலும் வரும். சுற்றுக்குள் நுழைந்ததும் ஒற்றைப் புள்ளி வேறொன்றைக் குறிக்கத் தொடங்கும். தமிழ்ப்புள்ளியோடு பட்டது போதாதென்று இந்தப் புள்ளியோடும் பட்டேன். ஜெக்கில் தளத்தை இறக்குமதி செய்யும் கட்டளை ஹியூகோவில் இருக்கிறது. அது கட்டுரைகளைக் கொண்டுவந்து சேர்க்கும், வார்ப்புருக்களை எழுதித் தராது. மூன்று வாரம் மாலை வேளைகள் அதற்கே போயின.

இவ்வளவுக்குப் பிறகும் தராசு ஹியூகோ பக்கம் சாய்ந்ததற்கு முதற்காரணம் மூன்று மொழி. ஜெக்கிலில் மொழிகளுக்கு இடமே இல்லை. நாங்கள் கோப்புறைகளைப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் மற்ற இரு மொழிப் பக்கங்களின் முகவரியைக் கையால் எழுதிவந்தோம். பக்கத்தின் பெயரை ஒருவர் மாற்றினால் மற்ற இரண்டில் இணைப்பு அறுந்துவிடும். எலெவன்டி 2.0 முதல் மொழிகளுக்கான செருகுநிரல் ஒன்று உடன் வருகிறது. அது இணைப்புகளைப் பொருத்தித் தரும், மற்ற ஏற்பாடுகள் நம் பொறுப்பு. ஹியூகோவிலோ கோப்புப் பெயரின் கடைசியில் மொழிக்குறி சேர்த்தால் போதும். எது எதற்கு மொழிபெயர்ப்பு என்று அதுவே அறிந்துகொள்கிறது, பிரெஞ்சில் இல்லாத பக்கத்துக்குப் பிரெஞ்சுச் சுட்டியைக் காட்டாமலும் விடுகிறது. தமிழை முதன்மை மொழியாக அறிவித்து அதற்கு உட்கோப்புறை வேண்டாம் என்று சொன்னதும், தமிழ்ப் பக்கங்கள் வேரிலும் மற்றவை தத்தம் கோப்புறையிலும் பழைய தளத்தில் இருந்தபடியே அமைந்தன. மாதப் பெயர்களும் மொழிக்கு ஏற்ப வந்துவிடுகின்றன. ஜெக்கிலில் 'ஜனவரி' என்று காட்ட ஒவ்வொரு மொழிக்கும் பன்னிரண்டு பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தோம். அந்தக் கோப்பை அழித்தபோது கிடைத்த மகிழ்ச்சி சிறிதன்று.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேர மண்டலம் குறிப்பிடாமல் எழுதிய நேரத்தை ஹியூகோ இயல்பாக உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொள்ளும். எதிர்காலத் தேதியுள்ள பக்கத்தை வெளியிடாது. காலை எட்டு மணி என்று எழுதி எட்டேகாலுக்குத் தளத்தைக் கட்டினால், ஹியூகோவின் கணக்கில் நேரம் இரண்டே முக்கால்தான், பக்கம் வராது. பிற்பகல் ஒன்றரைக்கு மேல் கட்டினால் வந்துவிடும் என்பதால், நடந்தது என்னவென்று விளங்காமல் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். அமைப்புக் கோப்பில் ஆசியா, கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் குறித்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது காரணம், கேள்வியைத் தொடங்கிவைத்த அந்த மடிக்கணினி. ஹியூகோ ஒற்றைக் கோப்பு. இறக்கி ஒரு கோப்புறையில் போட்டால் ஓடும். எலெவன்டிக்கு ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் வேண்டும், அதன் 3.0 பதிப்புக்கு நோட் 18-ஆவது வேண்டும், அதற்குக் கீழே சார்புத் தொகுப்புகளின் ஒரு கோப்புறை வளரும். நல்ல இணைப்பு இருக்கும் நாளில் இது ஒரு பொருட்டில்லை. நாங்கள் இருப்பதோ புயல் கரையேறும் கடற்கரை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய பிறகு நாள்கணக்கில் மின்சாரமும் இணைப்பும் இல்லாமல் இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை; 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் ஊர் தண்ணீரில் நின்றது. அப்படியொரு வாரத்தில் யாரும் வீதி வரலாறு எழுதப்போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் எங்கள் எல்லாக் கோப்புகளும், அவற்றைக் கட்டும் கருவியும், மூன்று இயங்குதளங்களுக்கான அதன் பிரதிகளும் ஒரே பென்டிரைவில் அடங்கி நான்கு வீட்டில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கணினியும் மின்சாரமும் இருந்தால் போதும், வேறெதையும் இறக்கவேண்டியதில்லை.

ஹியூகோவின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2013-இல் தொடங்கியது இவ்வளவு காலமாகியும் 1.0 என்ற எண்ணைத் தொடவில்லை. வார்ப்புருக்களில் பயன்படும் பழைய கட்டளைகளை விலக்குவதும் பெயர் மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த 0.146 பதிப்பில் வார்ப்புருக் கோப்புறைகளின் ஒழுங்கே மாற்றியமைக்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் அலங்காரத் தீம்கள் இரண்டு ஆண்டு கவனிக்காமல் விட்டால் உடைந்துபோவதற்கு இதுவே காரணம். பதிப்பை உயர்த்தியே தீரவேண்டும் என்ற கட்டாயம் யாரும் விதிக்கவில்லை என்பது இதற்கான மருந்து. கட்டும் கருவியையே கோப்புகளோடு சேர்த்து வைத்திருப்பவர், அதே பதிப்பில் பத்தாண்டு இருக்கலாம். வெளியே போவது வெறும் எச்டிஎம்எல் என்பதால் பழைய கருவியால் வழங்கிக்கு ஆபத்தும் இல்லை. வெளித்தீம் எதையும் எடுக்காமல் ஏழெட்டு வார்ப்புருக்களை நாங்களே எழுதிக்கொண்டதும் இந்தக் கணக்கில்தான்.

வேகத்தைப் பற்றி ஒரு வரி போதும். ஹியூகோ கண் சிமிட்டுவதற்குள் கட்டிவிடுகிறது, எலெவன்டி அதற்கு அடுத்தது, ஜெக்கிலில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுபவர்களுக்கு இது தேர்வுக் காரணமாகாது.

ஆகவே எங்கள் தேர்வு ஹியூகோ. தமிழ் ஒன்றிலேயே எழுதும் தளமாக இருந்து, லிக்விட் வார்ப்புருக்களில் நிறைய உழைப்பு ஏற்கெனவே போயிருந்து, பார்த்துக்கொள்பவர் ஜாவாஸ்கிரிப்டில் பழகியவராகவும் இருந்தால் எலெவன்டியைச் சொல்லியிருப்பேன். ஒரே ஒருவர் எழுதும் தளம், கணினியில் ரூபி ஒழுங்காக ஓடுகிறது, செருகுநிரல் பெரிதாக வேண்டியதில்லை என்றால் ஜெக்கிலிலேயே இருந்து 4-ஆம் வரிசைக்கு ஏறி, ஆக்ஷன்ஸ் வழியே கட்டிக்கொள்வதே அறிவுடைமை. மாற்றம் என்பது மாலை வேளைகளைத் தின்னும் வேலை.

மாற்றிய முறையைச் சொல்லி முடிக்கிறேன். ஜெக்கில் கட்டிய வெளியீட்டுக் கோப்புறையில் இருந்த எல்லாக் கோப்புப் பாதைகளையும் ஓர் உரைக் கோப்பில் பட்டியலாக எடுத்துக்கொண்டோம். அதுவே எங்கள் ஒப்பந்தம். கோப்புப் பெயரில் இருக்கும் தேதியை எடுத்துக்கொள்ளும்படி ஹியூகோவுக்குச் சொல்லி, ஆண்டு, மாதம், நாள், பெயர் என்ற பழைய வரிசையை முகவரி அமைப்பில் எழுதினோம். ஜெக்கில் தந்த எச்டிஎம்எல் பின்னொட்டு மாறாதிருக்க அதற்குரிய அமைப்பையும் இயக்கினோம். பிறகு ஒவ்வொரு முறை கட்டும்போதும் புதிய வெளியீட்டுக் கோப்புறையின் பட்டியலை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டோம். முதல் முறை பாதிக்கு மேல் பொருந்தவில்லை. மூன்றாவது வாரம் பொருந்தாதவை பதினொன்றாகக் குறைந்தன. அந்தப் பதினொன்றும் ஆசிரியருடைய பிரெஞ்சுப் பக்கங்கள். வீதிப் பெயர்களின் முதலெழுத்தை அவர் பெரிய எழுத்தில் இட்டிருந்தார், ஜெக்கில் அதை அப்படியே விட்டிருந்தது, ஹியூகோ இயல்பாகச் சிறிய எழுத்தாக்கிவிட்டது. அவற்றுக்குப் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிமாற்றும் பக்கம் உருவாக்கும்படி ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் ஒரு வரி சேர்த்தோம். சேர்த்தது ஆசிரியர்தான், தன் மடிக்கணினியிலேயே. பிறகு 2014-இல் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றைத் தேடியெடுத்து, கைப்பேசியை அதன் கட்டத்தின் மேல் பிடித்துப் பார்த்தார். பக்கம் திறந்தது.